விசில் ஊதிய பிறகு: நடுவரின் அதிகாரம் எதுவரை?

சென்ற பொங்கல் விழாவையொட்டி நம் சங்கம் நடத்திய விளையாட்டுப் போட்டிகளில், சிறுவர் சிறுமியருக்கான எலுமிச்சம்பழ ஓட்டத்துக்கு என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். ஸ்பூனின் காம்பை வாயில் கவ்விக்கொண்டு, அதன் மேல் வைத்த எலுமிச்சம்பழம் கீழே விழாமல் ஓட வேண்டும். கையால் பழத்தைத் தொடக்கூடாது. ஒரு பையன் முதலாவதாக வந்தான். ஒரு சிறுமி இரண்டாவதாக வந்தாள். நான் கையைத் தூக்கி அறிவித்தேன். மாலையில் பரிசளிப்பும் முடிந்தது.

பந்தியில் உட்கார்ந்து பொங்கலில் கை வைத்த நேரத்தில் ஒரு நண்பர் வந்தார். அந்தச் சிறுமியின் தகப்பனார். கையில் செல்போன். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். பார்த்தேன். பாதி வழியில் பழம் உருளப்போக, முதலில் வந்த பையன் ஒரே ஒரு கணம் விரலால் அதைத் தொட்டு நிறுத்துவது தெளிவாகத் தெரிந்தது. "அப்போ முதல் பரிசு என் பொண்ணுக்குத்தானே? மாத்திக் கொடுத்துடுங்க சார்" என்றார்.

"நீங்க சொல்றது சரிதான். என் கண்ணில் அது படலை. ஆனா இப்போ மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது" என்றேன்.

"நடுவருக்கே அதிகாரம் இல்லைன்னா வேற யாருக்கு சார் இருக்கு?"

நியாயமான கேள்வி. அன்று இலையின் முன்னால் நான் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். எலுமிச்சம்பழத்தில் ஆரம்பித்தாலும் இந்தக் கேள்வி உலகக் கோப்பை வரை போகிற கேள்வி.

எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

மைதானத்தில் நடுவர் வைத்ததே சட்டம் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மை. நடுவரின் அதிகாரத்துக்குத் தொடக்கம் ஒன்று உண்டு, முடிவும் ஒன்று உண்டு. அந்த முடிவு எந்த நிமிடத்தில் வருகிறது என்பதை ஒவ்வொரு விளையாட்டும் தன் விதிப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறது.

முதலில் கால்பந்து. ஆட்டத்துக்கு முன் களத்தைப் பார்வையிட நடுவர் உள்ளே நுழைகிற நிமிடத்திலிருந்து, ஆட்டம் முடிந்து களத்தை விட்டு வெளியேறுகிற நிமிடம் வரை அவருக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உண்டு. ஆக, கடைசி விசிலோடு சிவப்பு அட்டையின் வேலை முடிந்துவிடுவதில்லை. 2022 டிசம்பர் 9 அன்று கத்தாரில் அர்ஜென்டினாவும் நெதர்லாந்தும் மோதிய உலகக் கோப்பைக் கால் இறுதி பெனால்டி உதைகளில் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்த கைகலப்பில் நெதர்லாந்தின் டும்ஃப்ரீஸ் வெளியேற்றப்பட்டார். விளையாட ஆட்டம் இல்லை. ஆனால் நடுவர் களத்தில் இருந்தார்.

அதேபோல, தான் கொடுத்த ஒரு தீர்ப்பு தவறு என்று நடுவர் உணர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கியிருக்கக் கூடாது. அல்லது ஆட்டம் முடிந்ததாக விசில் ஊதி அவர் களத்தை விட்டுப் போயிருக்கக் கூடாது. 2020 செப்டம்பரில் இங்கிலாந்தில் பிரைட்டன் அணியும் மான்செஸ்டர் யுனைடெட் அணியும் ஆடிய ஆட்டத்தில் இரண்டுக்கு இரண்டு என்ற நிலையில் கடைசி விசில் ஊதியாகிவிட்டது. பந்து கையில் பட்டதை வீடியோ நடுவர் கண்டுபிடித்துச் சொன்னார். களத்தில் இருந்த நடுவர் திரையில் பார்த்துப் பெனால்டி கொடுத்தார். மான்செஸ்டர் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தது. பலருக்கு இது அநியாயமாகப் பட்டது. விதிப்படி அதில் குற்றமில்லை. நடுவர் கோட்டைத் தாண்டி வெளியே போகவில்லை, அவ்வளவுதான்.

கூடைப்பந்தில் எல்லைக்கோடு தரையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. தலைமை நடுவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தோடு அந்த ஆட்டத்துக்கும் நடுவர்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது.

கிரிக்கெட்டில் இன்னும் நுணுக்கம். அம்பயர் தன் தீர்ப்பை மாற்றலாம், ஆனால் உடனே மாற்ற வேண்டும். ஆட்டம் முடிந்துவிட்டது என்று நம்பி எல்லோரும் வெளியே போன பிறகு, ஸ்கோர் கணக்கில் பிழை இருப்பதும் அது முடிவைப் பாதிப்பதும் தெரிய வந்தால், நேரமும் ஓவரும் மீதமிருக்கும் பட்சத்தில் அம்பயர்கள் ஆட்டத்தை மறுபடி தொடங்கச் சொல்லலாம். ஆனால் அம்பயர்களும் ஸ்கோரர்களும் கணக்கைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டுவிட்டால், அதற்குப் பின் முடிவை மாற்ற முடியாது. பதினாறாவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது.

களத்தின் கோடு, காகிதத்தின் கையெழுத்து, கணக்கின் ஒப்புதல் என்று வடிவம் மாறினாலும் கருத்து ஒன்றுதான்: ஒரு கட்டத்தில் நடுவர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

தண்டவாளத்தில் கற்ற பாடம்

ரயில்வேயில் முப்பத்தேழு வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன் நான். பி.டபிள்யூ.ஐ. என்று சேர்ந்து, செக்ஷன் இன்ஜினீயர் என்று பெயர் மாறி ஓய்வு பெற்றேன். எனக்கு இந்த விஷயம் புரிந்தது 'பிளாக்' மூலமாகத்தான்.

ஓடும் பாதையில் தண்டவாளத்தை மாற்ற வேண்டுமென்றால் கண்ட்ரோலரிடம் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று பிளாக் கேட்போம். கொடுத்துவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் அந்தப் பாதை என்னுடையது. ராஜதானி எக்ஸ்பிரஸ்கூட என்னைக் கேட்காமல் வர முடியாது. வேலை முடிந்து, பாதை வண்டி போகத் தகுதியானது, இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டு ஸ்டேஷன் மாஸ்டரிடம் கொடுத்த மறு நிமிடம், அது என்னுடையது இல்லை. 'ஐயோ, அந்த ஒரு தண்டவாளத்தை இன்னும் கொஞ்சம் நன்றாகப் போட்டிருக்கலாமே' என்று தோன்றினாலும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நான் பாட்டுக்கு உள்ளே இறங்க முடியாது. மறுபடி கேட்டு, மறுபடி அனுமதி வாங்க வேண்டும்.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். கொடுத்த பாதையில் ஆபத்து இருப்பது தெரிந்தால், கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது, சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஓடி வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். அங்கே ஆயிரம் உயிர். விளையாட்டில் அப்படி வண்டி எதுவும் வரவில்லை. அங்கே காப்பாற்ற வேண்டியது 'முடிந்தது முடிந்தது' என்ற நம்பிக்கையை. அந்த நம்பிக்கை போய்விட்டால் எந்தக் கோப்பையும் யாருடைய அலமாரியிலும் நிம்மதியாக இருக்காது.

எல்லை மீறினால் என்ன ஆகும்?

1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கின் கூடைப்பந்து இறுதி ஆட்டம். மூன்று வினாடி மீதம் இருக்கையில் அமெரிக்கா 50, சோவியத் யூனியன் 49. சோவியத் அணி பந்தை உள்ளே எறிகிறது. குழப்பத்தில் ஒரு வினாடி பாக்கியிருக்க ஆட்டம் நிற்கிறது. அப்போது பார்வையாளர் பகுதியிலிருந்து சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து, கடிகாரத்தில் மூன்று வினாடியும் திரும்ப வைக்கச் சொல்கிறார். எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் ஆட்டத்துக்குள் தலையிட விதி அவருக்கு அதிகாரம் தரவில்லை. ஆனாலும் அவர் சொல் நடந்தது. கடிகாரம் சரியாக வைக்கப்படுவதற்குள் மறுபடி ஆட்டம் தொடங்கி, மணி அடித்து, அமெரிக்கர்கள் ஜெயித்துவிட்டோம் என்று குதித்தார்கள். மூன்றாவது தடவையாக அதே மூன்று வினாடி ஆடப்பட்டது. பெலோவ் என்ற வீரர் கூடைக்குள் போட்டார். சோவியத் 51, அமெரிக்கா 50.

முறையீடு செய்தார்கள். ஐந்து பேர் குழு மூன்றுக்கு இரண்டு என்று தள்ளுபடி செய்தது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பதக்கங்களை அவர்கள் ஏற்கவில்லை. நடுவர் கையில் இருக்க வேண்டிய அதிகாரத்தை, கையில் விசில் இல்லாத ஒருவர் எடுத்துக்கொண்டதால் வந்த வினை.

எதிர்த் திசையில் ஓர் உதாரணம். 2022 ஜனவரி 12, கேமரூன் நாட்டின் லிம்பே நகரில் ஆப்பிரிக்கக் கோப்பை ஆட்டம். மாலி ஒன்று, துனீசியா பூஜ்யம். ஜாம்பியா நாட்டு நடுவர் சிகாஸ்வே 85-ஆவது நிமிடத்திலேயே ஆட்டம் முடிந்ததாக விசில் ஊதிவிட்டார். தவறைச் சுட்டிக்காட்ட, ஆட்டம் தொடர்ந்தது. பிறகு 90 நிமிடம் நிறைவதற்குச் சில வினாடிகள் இருக்கும்போதே மறுபடி ஊதி முடித்துவிட்டார். நெடுநேரம் கழித்து, மீதி ஆட்டத்தை ஆட வாருங்கள் என்று அதிகாரிகள் கூப்பிட்டார்கள். மாலி வந்து நின்றது. துனீசியா வர மறுத்துவிட்டது. அதன் வீரர்கள் அதற்குள் ஓய்வெடுக்கப் போய்விட்டார்கள். துனீசியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை, முடிவு அப்படியே நின்றது. கடும் வெயிலில் உடல்நிலை பாதிக்கப்பட்டதாகச் சிகாஸ்வே பின்னர் சொன்னார். பாவம்தான். ஆனால் ஒரு பாடம் தெளிவு: தவறிப்போன விசிலை மறுபடி வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடியாது.

ஓவல் மைதானமும் மூன்று முடிவுகளும்

முடிவை மாற்றுவது எவ்வளவு விபரீதம் என்பதற்குக் கிரிக்கெட்டில் ஒரே ஒரு உதாரணம் போதும். 2006 ஆகஸ்ட் 20, லண்டன் ஓவல் மைதானம், இங்கிலாந்து - பாகிஸ்தான் டெஸ்டின் நான்காம் நாள். பந்தின் தன்மையைப் பாகிஸ்தான் வீரர்கள் மாற்றிவிட்டதாகச் சொல்லி அம்பயர்கள் டாரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் ஐந்து ரன் அபராதம் விதித்தார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு, எதிர்ப்பைக் காட்டும் விதத்தில் பாகிஸ்தான் களம் இறங்கவில்லை. அம்பயர்கள் ஸ்டம்பின் மேலிருந்த பெயில்களை எடுத்துவிட்டு, ஆட்டத்தைப் பாகிஸ்தான் விட்டுக்கொடுத்துவிட்டதாக முடிவு செய்தார்கள். பிறகு பாகிஸ்தான் அணி இறங்கி வந்தது, அம்பயர்கள் வரவில்லை. 1877-இல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியதிலிருந்து இப்படி முடிந்தது அதுவே முதல் தடவை. அப்போது பாகிஸ்தான்தான் நல்ல நிலையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

விசாரணை நடந்தது. பந்தைச் சேதப்படுத்தியதாகச் சொன்ன குற்றச்சாட்டிலிருந்து கேப்டன் இன்சமாம் விடுவிக்கப்பட்டார்; ஆட வராததற்காக நான்கு ஒருநாள் ஆட்டத் தடை பெற்றார். அப்படியானால் ஆட்ட முடிவு? 2008 ஜூலையில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அதை 'டிரா' என்று மாற்றியது. விதிகளுக்குப் பொறுப்பான எம்.சி.சி. இதை ஆட்சேபித்தது. முடிவை மாற்ற உங்களுக்கு விதியில் இடமில்லை, இது தவறான முன்னுதாரணம் என்றது. 2009 பிப்ரவரி 1 அன்று மறுபடி மாற்றி, இங்கிலாந்துக்கே வெற்றி என்று எழுதினார்கள். ஓர் ஆட்டம், மூன்று வருடம், மூன்று அறிவிப்பு!

அம்பயர்கள் செய்தது விவேகமா என்று இன்றும் வாதிடலாம். நானே அவர்கள் இன்னும் பத்து நிமிடம் பொறுத்திருக்கலாம் என்று நினைப்பவன். ஆனால் அது வேறு வழக்கு. தீர்ப்பு விவேகமில்லை என்பதற்காக, இரண்டு வருடம் கழித்து ஒரு கூட்ட அறையில் உட்கார்ந்து ஆட்டத்தின் முடிவை மாற்ற ஆரம்பித்தால், எந்த ஆட்டம்தான் முடிந்ததாகும்?

நம் கல்கத்தாவாசிகளுக்கு இன்னொரு மாலை மறந்திருக்காது. 1996 மார்ச் 13, ஈடன் கார்டன்ஸ், உலகக் கோப்பை அரை இறுதி. இலங்கை 251. நாம் ஒரு விக்கெட்டுக்கு 98 என்றிருந்து, 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தோம். பாட்டில்கள் பறந்தன, இருக்கைகளில் தீ. மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாய்டு ஆட்டக்காரர்களை உள்ளே அழைத்து, பிறகு மறுபடி தொடங்க முயன்று, முடியாது என்று கண்டபின் இலங்கைக்கு வெற்றி என்று அறிவித்தார். நமக்கு வயிறு எரிந்தது. ஆனால் அன்றிரவே முடிவைச் சொல்ல வேண்டியவர் சொன்னார், சொன்னது நின்றது. அதனால்தான் அந்தத் தோல்வியை நாம் ஜீரணிக்க முடிந்தது.

நடுவரால் முடியாதது, கேப்டனால் முடிந்தது

முடிந்த தீர்ப்பை மாற்றவே வழியில்லையா? ஒரு வழி உண்டு. அதன் சாவி நடுவரிடம் மட்டும் இல்லை.

1974 பிப்ரவரி, போர்ட் ஆஃப் ஸ்பெயின். வெஸ்ட் இண்டீஸ் - இங்கிலாந்து டெஸ்டில் ஒரு நாளின் கடைசிப் பந்து. ஜூலியன் தடுத்து ஆடினார். எதிர்முனையில் 142 ரன்னோடு நின்ற காளிச்சரண், ஆட்டம் முடிந்தது என்று பெவிலியனை நோக்கி நடந்தார். அம்பயர் இன்னும் 'டைம்' சொல்லவில்லை. டோனி கிரெய்க் பந்தை எடுத்து ஸ்டம்பில் அடித்து முறையிட்டார். அம்பயர் சாங் ஹியூ அவுட் கொடுத்தார். விதிப்படி வேறு வழியில்லை. அன்று மாலை நீண்ட பேச்சு வார்த்தைக்குப் பின் இங்கிலாந்து முறையீட்டைத் திரும்பப் பெற்றது. காளிச்சரண் தொடர்ந்து ஆடினார்.

2011 ஜூலை 31 அன்று நாட்டிங்காமில் இதே கதை. தேநீர் இடைவேளைக்கு முந்தைய பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று நினைத்து இயான் பெல் நடந்துவிட்டார். நம்மவர்கள் பெயிலைத் தட்டி முறையிட்டார்கள். 137-இல் ரன் அவுட். இடைவேளையில் இங்கிலாந்துக் கேப்டனும் பயிற்சியாளரும் நம் அணியின் அறைக்கு வந்து கேட்டார்கள். தோனி முறையீட்டைத் திரும்பப் பெற்றார். பெல் மறுபடி வந்து 159 வரை அடித்தார். நாம் அந்த டெஸ்டில் தோற்றோம். ஆனால் பின்னாளில் அந்தச் செயலுக்காகத் தோனிக்கு விருதே கிடைத்தது.

இரண்டிலும் அம்பயர் தவறு செய்யவில்லை. சட்டம் கொடுத்ததை, வாங்கிக்கொண்டவரே வேண்டாம் என்றார். அம்பயர் அதற்கு இசைந்தார். பெருந்தன்மை காட்டுவது வென்றவரின் உரிமை. நடுவர் பிறர் பொருளை எடுத்துத் தானம் செய்ய முடியாது.

அதிகாரம் போனபின் மிஞ்சுவது என்ன?

கையெழுத்துப் போட்டபின் நடுவரிடம் மூன்று கடமைகள் மிஞ்சுகின்றன.

முதலாவது அறிக்கை. களத்துக்கு வெளியே நடந்த ஏச்சு, தள்ளுமுள்ளு எல்லாவற்றையும் கண்டபடி எழுதி மேலிடத்துக்குக் கொடுக்க வேண்டும். தண்டனை தருவது அவர் வேலையில்லை. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி விரைந்து அடித்த ஃப்ரீ கிக் கோலானது. நாங்கள் தயாராகும் முன் அடித்துவிட்டார் என்று கேரள அணி களத்தை விட்டே வெளியேறியது. நடுவர் காத்திருந்தார், அவர்கள் திரும்பவில்லை, பெங்களூரு வென்றது. மறு ஆட்டக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, கேரள அணிக்கு நான்கு கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் விதித்தது அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு. அந்த வாரங்களில் எழுந்த கூச்சலுக்கு நடுவே பதில் சொல்ல வேண்டியது அந்தக் குழுதான், விசில் ஊதியவர் அல்ல.

இரண்டாவது அடக்கம். 2023 ஜூலையில் டாக்காவில் பங்களாதேஷுடன் ஆட்டம் சமமாக முடிந்தபின், நம் மகளிர் அணிக் கேப்டன் ஹர்மன்பிரீத் கவுர் பரிசளிப்பு மேடையிலேயே அம்பயர்களைச் சாடினார். இரண்டு ஆட்டத் தடை கிடைத்தது. மேடையில் நின்று எதிர்ப் பேச்சுப் பேச அம்பயருக்கு மைக் இல்லை, இருக்கவும் கூடாது. நடுவர் பேசத் தொடங்கினால் அவரும் ஒரு கட்சிக்காரர் ஆகிவிடுவார். ஓவல் விவகாரத்தில் ஹேருக்கு நடந்ததே சாட்சி. ஐந்து லட்சம் டாலர் கொடுத்தால் விலகிக்கொள்கிறேன் என்று அவர் கவுன்சிலுக்கு எழுதிய கடிதம் வெளியானபின், களத்தில் அவர் செய்தது சரியா என்று பேசுவதையே உலகம் விட்டுவிட்டது. நம் எஸ். வெங்கட்ராகவன் அம்பயராக முதல் டெஸ்டில் நின்றது 1993-இல், இதே ஈடன் கார்டன்ஸில். மொத்தம் 73 டெஸ்டுகளில் நின்றார். அவரும் இன்ஜினீயரிங் படித்தவர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை!

மூன்றாவதுதான் கடினமானது: தவறை ஒப்புக்கொள்வது.

2019 ஜூலை 14, லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதி. கடைசி ஓவரில் கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கு ஓடியது. அம்பயர் தர்மசேனா ஆறு ரன் கொடுத்தார். பந்தை எறிந்த கணத்தில் மட்டையாளர்கள் இரண்டாவது ஓட்டத்தில் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை, ஆகவே ஐந்துதான். ஆட்டம் சமமாகி, சூப்பர் ஓவரும் சமமாகி, பவுண்டரிக் கணக்கில் இங்கிலாந்து வென்றது. டிவியில் பார்த்தபின் அது தவறான கணிப்பு என்று தர்மசேனா சில நாளில் ஒப்புக்கொண்டார். ஆனால் களத்தில் எடுத்த முடிவுக்காக வருந்தவில்லை என்றார். உடன் நின்ற எராஸ்மஸ் 2024-இல், மறுநாள் காலை ஓட்டல் அறைக் கதவைத் திறந்தபோதே இருவரும் அந்தத் தவறைப் பற்றிப் பேசிக்கொண்டதாகச் சொன்னார். கோப்பை இடம் மாறவில்லை. ஆனால் நியூசிலாந்துக்கு நடந்தது என்ன என்பது இன்று பதிவில் இருக்கிறது.

இன்னும் உயர்ந்த உதாரணம் அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில். எதிரணியின் 27 பேரையும் ஒருவர்கூட முதல் தளத்தைத் தொடாமல் வெளியேற்றுவதை அங்கே பரிபூரண ஆட்டம் என்பார்கள். நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரத்தில் அதுவரை இருபதே முறை நடந்தது. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் கலாராகா என்ற பந்து வீச்சாளர் 26 பேரை அனுப்பிவிட்டார். 27-ஆவது ஆளும் அவுட்தான். நடுவர் ஜிம் ஜாய்ஸ் இல்லை என்று கை விரித்துவிட்டார். ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ், அந்தப் பையனின் பரிபூரண ஆட்டத்தை நான் பறித்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, கலாராகாவிடமே மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்கும் அவரே நடுவர். அணிப் பட்டியலை அவரிடம் கொடுக்கக் கலாராகாவையே அனுப்பினார்கள். ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கம் கை தட்டியது. தீர்ப்பை மாற்றுங்கள் என்று பலரும் கேட்டும் பேஸ்பால் தலைமை ஆணையர் மாற்றவில்லை. முடிவும் நின்றது, உண்மையும் நின்றது.

என் கணக்கில் ஒரு பற்று

ஊரார் தவறையெல்லாம் எழுதிவிட்டு என் தவறை எழுதாமல் விட்டால் நடுவு நிலைமை ஆகாது. எண்பதுகளின் கடைசியில், வங்காளத்தில் நான் வேலை பார்த்த ஒரு ரயில்வே ஊரில், ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு அம்பயராக நிற்பேன். இலாகாக்களுக்கிடையே நடந்த ஒரு இறுதி ஆட்டம். இரண்டாவதாக ஆடிய அணி இரண்டே ரன்னில் தோற்றது. இருட்டிக்கொண்டு வந்தது, கோப்பை கொடுக்கப் பெரிய அதிகாரி காத்திருந்தார். இரண்டு ஸ்கோர் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல், ஒன்றை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

இரவு ஒன்பது மணிக்கு மற்ற ஸ்கோரர் புத்தகத்தோடு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ஒன்பதாவது ஓவரில் நான்கு லெக் பை. அவர் புத்தகத்தில் இருந்தது, மற்றதில் இல்லை. எனக்கு நினைவு இருந்தது, நான் காலைத் தட்டிச் சைகை காட்டியிருந்தேன். தோற்ற அணி உண்மையில் ஜெயித்த அணி.

அமைப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்தேன். விதிப்படி முடிவு மாறாது, இது வெளியே தெரிந்தால் வீண் சண்டை, விட்டுவிடுங்கள் என்றார்கள். ஒரு வாரம் விட்டுவிட்டேன். அதற்குமேல் முடியவில்லை. தோற்ற அணியின் கேப்டன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், தெலுங்குக்காரர். சைக்கிளை மிதித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "கையெழுத்துக்கு முன்னால் ஏன் சார் பார்க்கவில்லை?"

என்னிடம் பதில் இல்லை. அந்த வருடம் முழுக்க வழியில் பார்த்தாலும் அவர் முகம் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் அரை இறுதிக்கு அம்பயர் யார் என்ற பேச்சு வந்தபோது, என்னைப் போடச் சொன்னது அவருடைய அணிதான் என்று பிறகு தெரிந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் இரண்டு புத்தகத்தையும் அருகருகே வைத்துக் கூட்டிப் பார்க்காமல் நான் பேனாவைத் திறந்ததில்லை. சொல்லாமலே இருந்திருந்தால் அந்த அரை இறுதிக்கு எந்த முகத்தோடு நின்றிருப்பேன்?

மறுபடி எலுமிச்சம்பழம்

நம் விழாவுக்கு வருவோம். முடிவை நான் மாற்றவில்லை. ஆனால் பந்தி முடிந்ததும் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டு, அவள் தகப்பனார் முன்னிலையில், "கை வைக்காம ஓடினது நீதான்மா. நான் சரியாப் பார்க்கலை. தப்பு என்னோடது" என்று சொன்னேன். பையனைத் தனியாக அழைத்து, பழத்தைத் தொடக்கூடாது என்ற விதியை மட்டும் நினைவுபடுத்தினேன். எட்டு வயதுப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் குற்றவாளியாக நிறுத்துவது எந்த விதியிலும் இல்லை. தகப்பனாருக்கு முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். "சொன்னீங்களே, அதுவரைக்கும் சரி" என்று போனார்.

அடுத்த ஆண்டுக்கு மூன்று யோசனைகளைச் செயற்குழுவிடம் கொடுத்திருக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தொடக்கத்தில் ஒருவர், நடுவில் ஒருவர், முடிவில் ஒருவர் என்று நடுவர்கள் நிற்க வேண்டும். இரண்டு, ஆட்சேபணை இருந்தால் முடிவை அறிவித்த பத்து நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். செல்போன் படத்தையும் அப்போது காட்டலாம். மூன்று, அந்தப் பத்து நிமிடம் கழிந்த பிறகே நடுவர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டபின் மாற்றம் கிடையாது, பரிசும் அதற்குப் பிறகுதான்.

இதில் மூன்றாவதுதான் முக்கியம். கையெழுத்துக்குப் பின் நடுவரால் ஆகக்கூடியது கொஞ்சம்தான் என்பதால், கையெழுத்துக்கு முன் அவர் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.